இன்னும் எத்தனை நாள்?

2023 ஆகஸ்ட் 26, சனிக்கிழமை சாயங்காலம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலிருந்து அதிக தூரமில்லாத ஒரு கட்டுமான சைட். பூமிக்குக் கீழே இரண்டு அடுக்கு, மேலே தரைத்தளமும் ஏழு மாடிகளும். பிளானிங் என்ஜினியராக நான் அங்கே சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

எந்த வேலை எப்போது என்று திட்டமிடும் ப்ரைமவேரா பி6 மென்பொருளில் ஒரு அட்டவணையைப் புதிதாக எழுப்புவது எப்படி என்று படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். வேலைகளை வரிசையாக எழுதி, ஒன்றோடு ஒன்றை இணைத்து, ஆட்களைப் போட்டு, எஃப்9 அழுத்தினால் தேதிகள் விழும். ஆனால் வேலை ஆரம்பித்த பிறகு அதே அட்டவணையை வாராவாரம் புதுப்பிக்கிறோமே, அது வேறு வித்தை. நான் போன பயிற்சி வகுப்பில் அதைக் கடைசி நாள், கடைசி ஒரு மணி நேரத்தில்தான் தொட்டார்கள். அதுவும் எல்லாம் சரியாக நடந்த ஒரு பொய்யான உதாரணத்தை வைத்து.

அன்றைக்கு நடந்துகொண்டிருந்த வேலைகள் இருபத்து மூன்று. சைட் என்ஜினியர்கள் ஆளுக்கு ஒரு தாளில் சதவீதம் எழுதிக் கொடுத்தார்கள். சென்ட்ரிங், அதாவது கான்கிரீட் ஊற்றுவதற்கான பலகை அடைப்பு 70, கம்பி 40, தூண் 90 என்று இருந்தது. எல்லாவற்றையும் உட்கார்ந்து ஏற்றினேன். எஃப்9 அழுத்தினேன். கட்டடம் முடியும் தேதி பதினோரு நாள் தள்ளிப் போயிருந்தது.

சைட்டில் அந்த வாரம் எதுவும் நின்றுபோகவில்லை. மழை இல்லை, ஆள் குறைவில்லை. பதினோரு நாள் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை. பிளானிங் மேனேஜர் சார் என் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார். ஒரே ஒரு நெடுவரிசையை மட்டும் திறக்கச் சொன்னார். ரிமெய்னிங் டியூரேஷன், அதாவது மீதி நாள். இரண்டாம் தளம், கிழக்குப் பகுதி சென்ட்ரிங் என்ற வரியில் சதவீதம் 70 என்று இருந்தது. மொத்த நாள் 10. மீதி நாளும் 10.

"பெர்சென்ட் போட்டிருக்கே. இன்னும் எத்தனை நாள்னு யாரையாவது கேட்டியாப்பா?"

நான் கேட்கவில்லை.

இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் எல்லோரும் இடறும் இடம் இது. பி6-ல் ஒவ்வொரு வேலைக்கும் சதவீதம் எந்த வகை என்று முதலிலேயே சொல்லி வைக்க வேண்டும். டியூரேஷன் வகை என்றால், நாளுக்கும் சதவீதத்துக்கும் முடிச்சு உண்டு. பத்து நாள் வேலைக்கு 70 போட்டால் மீதி 3 நாள் என்று அதுவே எழுதிக்கொள்ளும். பிசிக்கல் வகை என்றால் அந்த முடிச்சு கிடையாது. கண்ணால் பார்த்த அளவு ஒரு பக்கம், மீதி நாள் இன்னொரு பக்கம், இரண்டையும் நாம்தான் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் அட்டவணை பிசிக்கல் வகையில் போடப்பட்டிருந்தது. நான் சதவீதத்தை மட்டும் ஏற்றிவிட்டு மீதி நாளைத் தொடாமல் விட்டேன். முக்கால்வாசி முடிந்த வேலையைக்கூட மென்பொருள் அன்றிலிருந்து முழுசாகப் பத்து நாள் ஓட்டியது.

அப்படியென்றால் டியூரேஷன் வகைக்கு மாற்றிவிட்டால் தீர்ந்ததா? நானும் அதைத்தான் கேட்டேன். சார் தலையை ஆட்டிவிட்டு, "திங்கக்கிழமை போர்மேன்கிட்ட போ. சதவீதம் கேக்காதே. கான்கிரீட் என்னைக்குப் போடலாம்னு மட்டும் கேளு" என்றார்.

போர்மேன் அண்ணன் திருவண்ணாமலைப் பக்கம். முப்பது வருஷமாகச் சென்ட்ரிங் வேலை. சதவீதம் கேட்டால் அவரிடமிருந்து எப்போதும் ஒரே பதில்தான் வரும்: "எண்பது முடிஞ்சுது தம்பி." வியாழக்கிழமை கேட்டாலும் எண்பது, சனிக்கிழமை கேட்டாலும் எண்பது. அவர் பொய் சொல்லவில்லை. சதவீதம் என்ற கேள்வி அவருடைய வேலையில் கிடையாது, அவ்வளவுதான். அன்றைக்குக் கேள்வியை மாற்றினேன்.

"அண்ணே, கிழக்குப் பக்கம் கான்கிரீட் என்னைக்குப் போடலாம்?"

அண்ணாந்து பார்த்தார். விரலை மடக்க ஆரம்பித்தார். "படிக்கட்டுகிட்ட பீமுக்குப் பலகை அடிக்கணும், ரெண்டு நாள். சைடு பலகை ஒரு நாள். முட்டு எல்லாத்தையும் ஒரு தரம் லெவல் பாக்கணும். கம்பி கட்டுறவங்க பின்னாலேயே வராங்க. நடுவுல கரண்டுக்காரன் பைப் போடணும், அவனுக்கு ஒரு நாள் விடணும். அடுத்த திங்கக்கிழமை ராத்திரி போட்டுறலாம் தம்பி. மழை வரலேன்னா."

நான் என் நோட்டில் எழுதியதை இப்போதும் வைத்திருக்கிறேன். அந்த ஒரே பதிலில் மீதி நாள் இருந்தது. மீதி இருப்பதுதான் மெதுவான பகுதி, படிக்கட்டும் பீமும், ஆகவே 70 சதவீதம் முடிந்தால் 3 நாள் மீதி என்ற கணக்கு தப்பு என்பது இருந்தது. என் அட்டவணையில் இல்லவே இல்லாத ஒரு வேலை, கரண்ட் பைப், அதுவும் இருந்தது. மழை என்ற நிபந்தனை கடைசியில் வந்தது. அன்றிலிருந்து எந்த வேலைக்கும் முதல் கேள்வி சதவீதம் இல்லை என்று முடிவு செய்தேன். உண்மையில் எப்போது ஆரம்பித்தது, முடிந்துவிட்டதா, முடியவில்லை என்றால் இன்னும் எத்தனை நாள். இந்த மூன்றும் கிடைத்துவிட்டால் அட்டவணைக்குத் தேவையான தேதிகள் கிடைத்துவிடும். சதவீதம் பில்லுக்கும் மேலிடத்து அறிக்கைக்கும் வேண்டும், அதை அப்புறம் அளந்து போட்டுக்கொள்ளலாம்.

மென்பொருள் செய்வது என்ன என்று யோசித்துப் பார்த்தால் இது ஆச்சரியமில்லை. 1957-ல் டூபாண்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் சேர்ந்து உருவாக்கிய கிரிட்டிக்கல் பாத் கணக்குதான் இன்றைக்கும் அடியில் ஓடுகிறது. முன்னோக்கி ஒரு தரம் கூட்டி, பின்னோக்கி ஒரு தரம் கழித்து, எந்த வேலை எவ்வளவு நாள் தள்ளிப்போனால் பரவாயில்லை என்று பார்ப்பது. ப்ரைமவேரா சிஸ்டம்ஸ் 1983-ல் ஆரம்பித்த நிறுவனம், 2008-ல் ஆரக்கிள் வாங்கியது. திரை மாறியிருக்கிறது, வேகம் கூடியிருக்கிறது. படிக்கட்டுப் பீமுக்குப் பலகை அடிக்கவில்லை என்பதை நாம் சொன்னால்தான் அதற்குத் தெரியும்.

இரண்டாவது வாரம் டேட்டா டேட். திரையில் நெட்டுக்குத்தாக நிற்கும் அந்த நீலக்கோடு. கோட்டுக்கு இடப்பக்கம் நடந்தது, வலப்பக்கம் நடக்கப் போவது. கோட்டுக்கு இடப்பக்கம் மீதி வேலை இருக்கக் கூடாது, வலப்பக்கம் முடிந்த வேலை இருக்கக் கூடாது. இவ்வளவுதான் விதி. எங்களுக்குக் கணக்கு முடிப்பது சனிக்கிழமை சாயங்காலம் 6 மணி. நான் டேட்டா டேட் என்று சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். தேதியோடு நேரத்தையும் காட்டு என்று அமைப்பில் மாற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது சனிக்கிழமை நள்ளிரவு 12 மணி என்று உட்கார்ந்திருந்தது. அதாவது சனிக்கிழமை விடிவதற்கு முன்பே கோடு போட்டாகிவிட்டது. சனிக்கிழமை முழுக்க நடந்த வேலை கோட்டுக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. மீதி வேலைகளோ சனிக்கிழமை காலையே மறுபடி தொடங்கியதாகக் கணக்கு ஓடியது. ஒரு நாள் சும்மா கிடைத்த லாபம் மாதிரி இருந்தது.

எஃப்9 அழுத்தியதும் செட்யூல் லாக் என்று ஓர் அறிக்கை கிடைக்கும். பலர் அதைத் திறப்பதே இல்லை. டேட்டா டேட்டுக்குப் பிந்திய தேதியில் முடிந்ததாகச் சொல்லப்பட்ட வேலைகள், முன்னால் அல்லது பின்னால் இணைப்பு இல்லாத வேலைகள், வரிசை தப்பி ஆரம்பித்த வேலைகள் எல்லாவற்றையும் அது பட்டியல் போட்டுக் கொடுக்கிறது. நான் இப்போது திரையைப் பார்ப்பதற்கு முன் அதைத்தான் படிக்கிறேன். டேட்டா டேட்டைத் திங்கட்கிழமை காலை 8 மணி என்று வைக்கிறேன்.

வரிசை தப்புவது பற்றி ஒரு வார்த்தை. அக்டோபரில் முதல் மாடியில் பிளாக் கட்டு, அதாவது சுவர் எழுப்பும் வேலை ஆரம்பித்தார்கள். என் அட்டவணைப்படி அந்த மாடியில் தளத்தைத் தாங்கும் முட்டு முழுக்கப் பிரித்த பிறகுதான் கட்டு ஆரம்பிக்க வேண்டும். கொத்தனார்கள் காத்திருக்கவில்லை. கிழக்குப் பாதியில் முட்டு பிரித்திருந்தார்கள், அங்கே ஆரம்பித்துவிட்டார்கள். அது சரியான வேலைதான். ரீடெய்ன்டு லாஜிக் என்ற அமைப்பில் கணக்குப் போட்டால், ஆரம்பித்த கட்டு அப்படியே நின்று, மேற்குப் பாதியில் முட்டு பிரிக்கும்வரை காத்திருக்கும். புரோகிரஸ் ஓவர்ரைடு என்று மாற்றினால் இணைப்பையே மறந்துவிட்டு ஓடும், மேற்குப் பாதியில் முட்டு நிற்கும் இடத்திலும் சுவர் எழுப்பிவிடும். இரண்டும் சைட்டில் நடப்பதில்லை. கட்டு வேலையைக் கிழக்கு, மேற்கு என்று இரண்டு வரியாகப் பிரித்தேன். ஒரு பொத்தானை மாற்றிச் சரிக்கட்டுவதைவிட, சைட்டில் வேலை எப்படிப் பிரிந்திருக்கிறதோ அப்படியே அட்டவணையையும் பிரிப்பது நல்லது என்பது என் எண்ணம்.

முட்டு என்றதும் இன்னொன்று. ஐ.எஸ். 456 என்ற நம் நாட்டுக் கான்கிரீட் விதிநூலின்படி, 4.5 மீட்டருக்கு மேல் நீளும் தளத்துக்கு அடியில் முட்டு குறைந்தது 14 நாள் நிற்க வேண்டும், அதற்குள் அடங்கும் தளத்துக்கு 7 நாள். எங்கள் தளம் 4.5 மீட்டருக்கு மேல். ஆகவே கான்கிரீட்டுக்கும் முட்டுப் பிரிப்பதற்கும் நடுவில் 14 நாள் இடைவெளி என்று இணைப்பிலேயே எழுதியிருந்தார்கள். பி6 அந்த இடைவெளியை எந்த நாட்காட்டியில் எண்ணுவது என்று ஒரு தேர்வு வைத்திருக்கிறது. எங்கள் கோப்பில் அது முந்தைய வேலையின் நாட்காட்டி, அதாவது வாரத்துக்கு ஆறு நாள். ஞாயிறு விட்டு எண்ணியதில் 14 நாள் என்பது 16, 17 நாளாக நீண்டது. கான்கிரீட்டுக்கு ஞாயிறு லீவு கிடையாது, அது ராத்திரியும் பகலும் இறுகிக்கொண்டுதான் இருக்கும். இடைவெளியை எடுத்துவிட்டு, 'முட்டு நிற்கும் காலம்' என்று ஒரு தனி வேலையாகவே வைத்து, அதற்கு வாரம் ஏழு நாள் நாட்காட்டி கொடுத்தேன். இன்னொரு நன்மை, தனி வரியாக இருப்பதால் வாராவாரம் அதற்கும் மீதி நாள் தெரிகிறது. இடைவெளியாக இருந்தால் அது கண்ணில் படவே படாது.

தேதிகள் பழகுவதற்கு எனக்கு இரண்டு மாதம் ஆனது. ஆட்கள் கணக்கு அதற்கு மேல் ஆனது. இதைத்தான் நான் அதிகம் எழுத நினைத்தேன்.

2023-ல் தீபாவளி நவம்பர் 12, ஞாயிறு. அதை அடுத்து 17-லிருந்து 20 வரை சட் பூஜை. எங்கள் சைட்டில் கம்பி கட்டுகிறவர்களில் பாதிப்பேர் பீகார்க்காரர்கள். பூஜைக்கு ஊருக்குப் போனார்கள், போகத்தான் செய்வார்கள், வருஷத்துக்கு ஒரு தரம். இந்தத் தேதிகள் ஜனவரியிலேயே தெரியும். எங்கள் நாட்காட்டியில் பொங்கல் இருந்தது, சட் பூஜை இல்லை.

நான்காம் தளம், மேற்குப் பகுதி, கம்பி கட்டு. திட்டப்படி 12 பேர், 5 நாள். ஆக 60 ஆள் நாள். பி6 இதை மணியில் காட்டும், ஓர் ஆள் நாளுக்கு 8 மணி என்று. நான் ஆள் நாளாகவே எழுதுகிறேன். வியாழக்கிழமை, 16-ம் தேதி ஆரம்பித்தது. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் வந்தது 7 பேர். வரவு நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே டிக் இருந்தது, எண்ணிப் பார்த்தேன். 21 ஆள் நாள். சனிக்கிழமை சாயங்காலம் சைட் என்ஜினியரிடம் கேட்டேன், இன்னும் எத்தனை நாள் என்று. கேள்வி சரிதான், பதில் திட்டத்தைப் பார்த்து வந்தது. "அஞ்சு நாள்ல மூணு போச்சு, இன்னும் ரெண்டு நாள்."

மீதி நாள் 2 என்று போட்டேன். ஆட்கள் தாவலைத் திறந்தேன். அங்கே மீதி 24 ஆள் நாள் என்று எழுதியிருந்தது.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். 60 ஆள் நாள் வேலையில் 21 முடிந்திருக்கிறது. மீதி 39 இருக்க வேண்டும். திரையில் 24. முடிந்ததும் மீதியும் சேர்த்து 45. பதினைந்து ஆள் நாள் வேலை காணாமல் போய்விட்டது. அவ்வளவு கம்பியும் கட்டாமலே தரையில் கிடக்கும், அட்டவணை மட்டும் முடிந்துவிட்டது என்று சொல்லும்.

காரணம் டியூரேஷன் டைப் என்ற ஓர் அமைப்பு. நாள், ஒரு நாளைக்கு எத்தனை ஆள், மொத்தம் எத்தனை ஆள் நாள். மூன்றும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை. முதல் இரண்டையும் பெருக்கினால் மூன்றாவது. ஒன்றை மாற்றினால் எது அசையலாம், எது அசையக் கூடாது என்று நாம் முன்கூட்டியே சொல்லி வைக்கிறோம். அந்த வேலைக்கு 'ஃபிக்ஸ்டு டியூரேஷன் அண்டு யூனிட்ஸ்/டைம்' என்று இருந்தது. மீதி நாளை நான் 2 ஆக்கியபோது, ஒரு நாளைக்கு 12 பேர் என்ற விகிதத்தை அது கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. இரண்டையும் பெருக்கி 24 என்று எழுதிவிட்டது. 12 பேர் வரவே இல்லை என்பது அதற்குத் தெரியாது.

'ஃபிக்ஸ்டு யூனிட்ஸ்' என்று மாற்றினேன். மீதி 39 என்று கையால் திருத்தினேன். மறுபடி மீதி நாள் 2 என்று போட்டேன். இப்போது வேலையின் அளவு அசையவில்லை, ஆட்கள் அசைந்தார்கள். ஒரு நாளைக்கு 19.5 பேர் வேண்டும் என்று காட்டியது.

அந்த எண்ணை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை காலைக் கூட்டத்துக்குப் போனேன். "ரெண்டு நாள்ல முடிக்கணும்னா இருபது பேர் வேணும் சார்" என்றேன். யாரும் என்னோடு வாதாடவில்லை. கம்பி கான்ட்ராக்டர் போனில் பேசிவிட்டு வந்து, புதன்கிழமையிலிருந்து பத்துப் பேர் தருகிறேன் என்றார். அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டோம். திங்கள், செவ்வாய் ஏழு ஏழு, பதினாலு. மீதி 25. புதன், வியாழன் பத்துப் பத்து, இருபது. மீதி 5, அது வெள்ளிக்கிழமை. ஆக மீதி நாள் 5. கான்கிரீட் வண்டியை வெள்ளிக்கிழமை ராத்திரிக்குச் சொல்லி வைத்தோம். 24-ம் தேதி ராத்திரி பதினோரு மணிக்கு முதல் வண்டி உள்ளே வந்தது.

இந்த ஒரு வேலையில் நான் கற்றுக்கொண்டது எந்த வகுப்பிலும் கிடைத்திருக்காது. சைட் வேலைக்கு, அதிலும் ஆட்கள் ஏறி இறங்கும் வேலைக்கு, வேலையின் அளவு மாறாமல் இருக்க வேண்டும். கம்பி எவ்வளவோ அவ்வளவுதான். ஆளும் நாளும்தான் மாறும். மேற்பார்வை மாதிரியான வேலைக்கு மட்டும் விகிதத்தைப் பிடித்து வைக்கலாம். அங்கே நாள் கூடினால் ஆள் நாளும் உண்மையிலேயே கூடும்.

இன்னொரு டிக் பற்றியும் சொல்ல வேண்டும். புராஜெக்ட் விவரத்தில் கால்குலேஷன்ஸ் பக்கத்தில், டியூரேஷன் சதவீதம் மாறினால் செலவான ஆள் நாளையும் அதற்கேற்ப நீயே கணக்கிட்டுக்கொள் என்று ஒரு தேர்வு உண்டு. ஆள் வரவு எழுதி வைக்காத இடத்தில் அது உதவும். எங்களுக்கு அது இருந்திருந்தால், நாள் கணக்கில் 60 சதவீதம் ஆனதைப் பார்த்து 36 ஆள் நாள் செலவானது என்று எழுதியிருக்கும். வந்ததோ 21. வரவு நோட்டு இருக்கும் சைட்டில் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். காலை ஏழரை மணிக்குக் கேட்டில் நின்று தலை எண்ணி எழுதுகிறாரே டைம் கீப்பர், அவருடைய நோட்டைவிட உண்மையான தகவல் சைட்டில் வேறு இல்லை.

அந்த மாதக் கடைசியில் ஆள் வரைபடத்தை அச்சிட்டபோது நவம்பர் முழுக்க ஒரே உயரத்தில் கட்டைகள் நின்றன. மழைக்கு நின்ற நாள், பண்டிகை நாள் எதுவும் தெரியவில்லை. செலவான ஆள் நாளை, வேலை ஆரம்பித்த நாளிலிருந்து டேட்டா டேட் வரை அது சமமாகப் பரப்பிவிடுகிறது. ஒவ்வொரு கணக்கு முடிக்கும்போதும் ஸ்டோர் பீரியட் பெர்ஃபார்மன்ஸ் என்பதை ஓட்டினால்தான் அந்தந்தக் காலத்தில் ஆனது அந்தந்தக் காலத்தில் நிற்கும். டிசம்பரிலிருந்து வார வாரமாகக் காலங்களைப் பிரித்து வைத்துச் செய்கிறேன்.

ரிசோர்ஸ் லெவலிங் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஷிஃப்ட் எஃப்9 அழுத்தினால் ஆள் தட்டுப்பாட்டுக்கு ஏற்ப வேலைகளைத் தானே தள்ளி வைக்கும். ஒரே ஒரு டவர் கிரேன் இருக்கிறது, அதற்கு எத்தனை வேலை போட்டி போடுகின்றன என்று பார்க்க நல்ல கருவி. கோப்பின் பிரதியில் மட்டும் ஓட்டிப் பார்க்கிறேன். எதை முதலில் செய்வது என்பதை அண்ணன்மார்கள் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் புராஜெக்டில் கற்றுக்கொள்கிறவர்களுக்கும் இதே கேள்விகள்தான். ஒரு வித்தியாசம் மட்டும் மனதில் இருக்கட்டும். அங்கே ஸ்டேட்டஸ் டேட் வைத்தால் மட்டும் போதாது. முடியாத வேலையை அந்தத் தேதிக்குப் பிறகு தள்ளு என்று அப்டேட் புராஜெக்டில் போய்ச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மீதி வேலை கடந்துபோன தேதியிலேயே கிடக்கும். நேற்றைக்குச் செய்யப்போகிறோம் என்று அட்டவணை காட்டும்.

டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மிக்ஜாம் புயல் மழை பிடித்தது. திங்கட்கிழமை முழுக்கப் பெய்தது. சென்னையில் இருந்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. எங்கள் சைட்டில் கீழ் அடுக்கு இரண்டும் நிறைந்துவிட்டன. தொழிலாளர்கள் தங்கியிருந்த கொட்டகைகளில் முழங்கால் அளவு தண்ணீர். மேனேஜர் சார் முதலில் அட்டவணையைப் பற்றிப் பேசவே இல்லை. யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று வரவு நோட்டை வைத்து ஒவ்வொரு பெயராகச் சரிபார்க்கச் சொன்னார். இரண்டாம் மாடியில் சுவர் எழுந்திருந்த பகுதியில் எல்லோரையும் தங்கவைத்தோம். அதே நோட்டுதான், அன்றைக்கு வேறு வேலைக்கு உதவியது.

9-ம் தேதி சனிக்கிழமை. ஒரு வேலையும் நடக்காத வாரம். அப்டேட் வேண்டாம், அடுத்த வாரம் சேர்த்துப் போடலாம் என்று நினைத்தேன். சார் ஒத்துக்கொள்ளவில்லை. "கோட்டை மட்டும் நகர்த்து. ஒண்ணுமே நடக்கலேங்கறதும் ஒரு தகவல்தான்."

நடந்துகொண்டிருந்த வேலைகளில் ஐந்தாம் தளச் சென்ட்ரிங் நவம்பர் 29-ல் ஆரம்பித்தது. முதலில் நான் செய்ய நினைத்தது, மீதி நாளில் ஆறு நாளைக் கூட்டிவிடுவது. தேதி சரியாக வந்துவிடும். ஆனால் ஆறு மாதம் கழித்து அந்த வரியைத் திறப்பவர் என்ன பார்ப்பார்? பத்து நாள் வேலையைத் தச்சர்கள் பதினாறு நாள் இழுத்தார்கள் என்று பார்ப்பார். அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். பி6-ல் ஸ்டேட்டஸ் பக்கத்தில் சஸ்பெண்ட், ரெஸ்யூம் என்று இரண்டு தேதிகள் இருக்கின்றன. சஸ்பெண்ட் டிசம்பர் 4, ரெஸ்யூம் டிசம்பர் 11. நடுவில் உள்ள நாட்கள் அந்த வேலையின் கணக்கில் சேராது. கீழ் அடுக்குப் பூச்சு வேலைக்கு ரெஸ்யூம் 18. அதற்கு முன்னால் தண்ணீர் இறைத்தல், சேறு அள்ளுதல், கரண்ட் பெட்டிகளைச் சோதித்தல் என்று மூன்று புதிய வேலைகளைச் சேர்த்து, அவை முடிந்தால்தான் பூச்சு என்று இணைத்தேன். ஒரு வேலைக்கு ஒரே ஒரு ஜோடி சஸ்பெண்ட், ரெஸ்யூம்தான் போட முடியும். அதே பூச்சு வேலை ஜனவரியில் இன்னொரு தரம் நின்றபோது வரியை இரண்டாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

பேஸ்லைனை, அதாவது முதலில் ஒப்புக்கொண்ட அட்டவணையை, தொடவில்லை. அது நாம் கொடுத்த வாக்கு. வாக்குக்கும் நடப்புக்கும் உள்ள தூரத்தைக் காட்டத்தான் அது இருக்கிறது. கோட்டை 11-ம் தேதி காலைக்கு நகர்த்தினேன், எஃப்9 அழுத்தினேன். கட்டடம் முடியும் தேதி ஆறு வேலை நாள் தள்ளிப் போயிருந்தது. ஆறும் எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொன்றாகக் காட்ட முடிந்தது. வேலைத் தடைகளைக் குறித்துவைக்கும் ஹிண்டரன்ஸ் ரிஜிஸ்டரில் அதே தேதிகளை எழுதி, படங்களை இணைத்து, கால நீட்டிப்பு கேட்கும் கடிதத்தோடு அனுப்பினோம். ஆகஸ்டில் பார்த்த அந்தப் பதினோரு நாளை நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு எண் பெரிதாக இருந்தது, அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

ஜனவரி 27, சனிக்கிழமை. ஆறாம் தளத்தில் சென்ட்ரிங் ஓடிக்கொண்டிருந்தது. வழக்கம்போல நோட்டோடு மேலே ஏறினேன். நான் கேட்பதற்கு முன்னாலேயே போர்மேன் அண்ணன் கேட்டார்.

"தம்பி, உன் கணக்குல இது என்னைக்கு வருது?"

"பிப்ரவரி 9, வெள்ளிக்கிழமைண்ணே."

விரலை மடக்கினார். பீம், சைடு பலகை, முட்டு, கம்பி. பாதியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"எட்டாந்தேதியே போட்டுறலாம். ஆனா கரண்டுக்காரனுக்கு ஒரு நாள் விடணுமே. ஒன்பதே இருக்கட்டும்."

கீழே வந்து, ஒன்பது என்றே வைத்துவிட்டு, அந்த வாரக் கணக்கை முடித்தேன்.